ஆறாம் நம்பர் பூட்ஸ்

என் காலுக்கு ஐந்தாம் நம்பர்தான் சரி. ஆனால் ஆறாம் நம்பர் பூட்ஸுக்குள் பழந்துணியைத் திணித்துக்கொண்டு இந்தியாவுக்காகப் பதினாறு ஆட்டம் ஆடியிருக்கிறேன். பாராட்டு விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று அந்த பூட்ஸை வாங்கிக்கொண்டு போனீர்கள். போன சூட்டோடு திரும்பி வந்து, உள்ளே 'பே. பாண்டியம்மாள்' என்று மையால் எழுதியிருக்கிறதே, யார் அது என்கிறீர்கள். உட்காருங்கள் அனந்தராமன் சார். காபி குடித்துக்கொண்டே கேட்கலாம், பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

பாண்டியம்மாள் கீழக்குயில்குடிக்காரி. அப்பா பேயாண்டி, விவசாயி. நான் மதுரைக்குள்ளே குருக்கள் வீட்டுப் பெண். கல்லூரிக் கால்பந்து அணியில் முன்வரிசையில் நாங்கள் இருவரும்தான். அவள் மூன்று பேரை ஏமாற்றிவிட்டுப் பந்தை என் காலடியில் கொண்டுவந்து வைப்பாள். நான் வலைக்குள் தள்ளிவிடுவேன். மறுநாள் பேப்பரில் என் பெயர் வரும். அவளுக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. எனக்கு அதுதான் எரிச்சல். வருத்தமே படாதவளோடு எப்படிப் போட்டி போடுவது?

எழுபத்தொன்பதில் இந்திய அணி முகாமுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அவள் வர இயலாவிட்டால் விஜயம், அதாவது நான், என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். குருக்கள் மகள் அரை டிராயர் போட்டுக்கொண்டு பந்து உதைக்கிறாள் என்று எங்கள் தெருவே சிரித்துக்கொண்டிருந்த காலம். அத்தனை வாயையும் அடைக்க எனக்கு அந்த ஒரு வரிதான் இருந்தது.

பேயாண்டிக்குப் பூக்கட்டிப் பார்க்காமல் எதுவும் ஓடாது. கிணறு வெட்டவும் பூ, மாடு விற்கவும் பூ. ஒரு பொட்டலத்தில் வெள்ளை, இன்னொன்றில் சிவப்பு, இலைக்குள் வைத்துக் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே குளத்தில் போட்டுவிடுவார்கள். பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடுமாம். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

முகாமுக்கு அனுப்பலாமா என்று மலையடிக் கோயிலில் கேட்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். வீட்டு ஆள் பொட்டலம் கட்டக்கூடாது. பேயாண்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சாமி காரியம் பாக்குற வீட்டுப் பிள்ள, கை சுத்தம். நீயே கட்டு தாயி."

கையைக் கழுவிக்கொண்டுதான் கட்டினேன். கோயிலுக்குப் பின்னால் வெள்ளைக்கு நந்தியாவட்டையும் இருந்தது, சிவப்புக்குச் செவ்வரளியும் இருந்தது. நந்தியாவட்டை கொஞ்சம் தள்ளி இருந்தது, வெயில் வேறு. செவ்வரளி கைக்கெட்டும் தூரத்தில் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. இரண்டு பொட்டலத்துக்கும் தாராளமாகப் போதும்.

பாண்டியம்மாளே எடுத்தாள். பிரித்துப் பார்த்துவிட்டு இலையை மடித்து அப்பா கையில் கொடுத்தாள். நான் ரயிலேறும் நாளில், சங்கம் அவளுக்கென்று வாங்கிக் கொடுத்த புது பூட்ஸை ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

"ரெண்டு பேருல ஒருத்தியாச்சும் போறோம்ல. எனக்குஞ் சேத்து அடிடி. எம்புட்டு அடிக்க முடியுமோ அம்புட்டும் அடி."

நான் அழுதேன். சத்தியமாக அழுதேன் சார், அப்படி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பாள்?

முகாமில் மூன்று பயிற்சி ஆட்டம். எனக்கு ஒரு கோலும் விழவில்லை, பந்தைக் கொண்டுவந்து வைக்கத்தான் ஆள் இல்லையே. பயிற்சியாளர் ஒரு கடிதம் எழுதி என் கையிலேயே கொடுத்தார். "நாலு நாள் லீவு. அந்தப் பெண்ணின் அப்பாவிடம் இதைக் காட்டி, அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வா."

கடிதத்தோடு கீழக்குயில்குடிக்குப் போனேன். நேரத்தைப் பாருங்கள், அங்கே கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை மேலூர் மலைச்சாமி. முதல் சம்சாரத்தை அடித்தே விரட்டியவன் என்று எங்கள் கல்லூரிப் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். பேயாண்டிக்கே மனசு ஒப்பவில்லை.

"பெரிய எடத்து ஆளு, தட்டவும் முடியல. சாமியே சொல்லட்டும். வந்தது வந்துட்ட, நீயே கட்டிரு தாயி."

இந்த முறை நந்தியாவட்டை அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை. கை நிறையப் பறித்தேன். செவ்வரளிப் பக்கம் போகவே இல்லை. பாண்டியம்மாள் கண்ணை மூடி எடுத்தாள். கடிதம் என் கைப்பையிலேயே இருந்தது. கல்யாண வீட்டில் எதற்குப் பந்து விஷயம்?

பெண் வரவில்லை, கல்யாணம் என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். அதில் ஒரு சொல் பொய்யில்லை. பிறகு ஹாங்காங், பாங்காக், ஏழு கோல், வங்கி வேலை. தெருவும் வாயை மூடிக்கொண்டது.

போன வருஷம் ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். வலது முழங்கால் மடங்குவதில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். என் ஏழு கோலையும் தேதி பிசகாமல் ஒப்பித்தாள். விழாவுக்குக் கூப்பிடுங்கள், நொண்டிக்கொண்டாவது வந்துவிடுவாள்.

விழா மலரில் எழுதுவதானால் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பூவைப் பறித்தது நான், கட்டியது நான், கடிதத்தை மறைத்ததும் நான். ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்: இரண்டு முறையும் எந்தப் பொட்டலத்தை எடுப்பது என்பதை முழுக்கச் சாமியிடமே விட்டுவிட்டேன், அதில் நான் தலையிடவே இல்லை.