நண்பகலை நிறுத்தி வைத்த ஏப்ரன்

சட்டமன்ற மாளிகையின் முதல் பெண் வாயிற்காவலராய் நுழைந்து, வழிகாட்டிகளின் தலைவியாய் உயர்ந்து, நாற்பத்து நான்கு ஆண்டுகள் நிறைந்து இன்று விடைபெறும் திருமதி வில்மா ஹூக்ஸ்ட்ரா அவர்களுக்கு, மாளிகை ஊழியர்கள் மனமெல்லாம் உவகை பொங்கப் படித்தளிக்கும் பாராட்டு மடல்

சூரியனைக் கட்டிப்போட்ட பெருமாட்டியே!

ஏப்ரல் மாதத்து நண்பகல் ஒன்றில், உச்சிக்கு வந்து சேர்ந்த சூரியன், மேற்கே ஓரடி எடுத்து வைக்கத் தங்கள் அனுமதி கிடைக்காமல், நம் மாளிகையின் செம்புக் குவிமாடத்தின் மேல் கைகட்டி நின்றது. ஆறு ஓடுவதை நிறுத்திவிட்டு என்ன சேதி என்று கேட்டது. சுற்றியுள்ள மூன்று மாநிலங்களில் கோழிகள் முட்டையிடுவதை ஒத்திப்போட்டன. இத்தனையும் தாங்கள் சாதித்தது செர்ரிப் பழக்கறை படிந்த, சமையற்காரர்கள் உடைக்கு மேல் கட்டிக்கொள்ளும் ஒரே ஒரு ஏப்ரனால்!

இதை யாரும் நம்பப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே ஓய்வு பெற்று, காலையில் எழுந்தால் சிரிப்பதைத் தவிர வேறு வேலையில்லாத முன்னாள் சமையற்கூடத் தலைவி ஓபல் ரக்கரிடம் இம்மடலை எழுதக் கொடுத்தபோதே, அவர் கடுகைப் பூசணியாக்கித்தான் தருவார் என்று தெரிந்தே கொடுத்தோம். தம்மைப் பற்றிய இடங்களில் அடக்கத்தோடு யாரோ ஒருத்தியைப் போல எழுதுவதாக அவர் வாக்களித்திருக்கிறார். அந்த அடக்கம் எவ்வளவு என்பதைத் தாங்களே கண்டுகொள்வீர்கள்.

வாயில் காத்த வல்லமையே!

தாங்கள் வேலைக்கு வந்த நாளில் இம்மாளிகைச் சீருடை ஆண்களின் அளவில் மட்டுமே இருந்தது. தோள்பட்டை தங்கள் முழங்கையைத் தொட்டது. தொப்பியோ தங்களுக்குத் தரப்படவே இல்லை. அந்த அங்கியின் கையை நான்கு மடிப்பு மடித்துக்கொண்டு, குவிமாடத்தையே தாங்குபவர் போல நிமிர்ந்து நின்றீர்கள். பனிப்புயல் அடித்துப் பேருந்துகள் நின்றுபோன நாளில், உறைந்த ஆற்றின் மேல் சறுக்கியே வேலைக்கு வந்து சேர்ந்தீர்கள். வழியில் ஆளுநரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள் என்கிறார் ஓபல். ஆளுநர் இதுவரை மறுக்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பின்னாளில் வழிகாட்டியாகித் தாங்கள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று இம்மாநிலத்தின் பாதி என்றால் அது மிகையாகாது, மிகையானாலும் விட்டுவிடுங்கள். கொட்டும் மழையில் பண்ணை பண்ணையாய் ஏறி இறங்கி வாக்குரிமை விண்ணப்பத்துக்குக் கையெழுத்து வாங்கிய பெண்களை, வாசலில் பதாகை பிடித்து நின்றதற்காகச் சிறைக்குப் போனவர்களை, அங்கே உண்ண மறுத்து, மூக்கில் குழாய் செருகி ஊட்டப்பட்டும் பணியாதவர்களை, நேற்றுப் பார்த்துப் பேசிய பக்கத்து வீட்டாரைப் போலத் தாங்கள் அறிமுகம் செய்து வைத்தீர்கள். வாக்குரிமை வந்துவிட்டது என்று சொன்ன கையோடு, வந்தது எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொன்னீர்கள். தெற்கே ஓபலின் தாய் நிறத்தின் காரணமாக வாக்குச்சாவடிப் படியிலேயே திருப்பியனுப்பப்பட்டதைச் சொல்லாமல் ஒரு நாளும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றியதில்லை.

எல்லாக் கதைகளுக்கும் கடைசியில் ஏப்ரன் கதை. அந்தக் கதைக்குத்தான் இப்போது ஆபத்து.

மாளிகையின் வரலாற்றுக் குழுவினர் நல்லவர்கள். நல்லவர்களுக்கே உரிய பிடிவாதமும் உள்ளவர்கள். அவை மண்டபத்துக்குள் இருந்து கண்ணால் கண்ட ஒருவர் உறுதி சொல்லாத எதையும் திங்கட்கிழமை முதல் வழிகாட்டிகள் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். தங்களைப் பற்றித் தாங்களே சொல்வது கணக்கில் வராதாம். அன்று உள்ளே இருந்தவர்களில் தங்களைத் தவிர உயிரோடிருப்பவர் ஒருவர்தான்: அன்றைய அவை எழுத்தர் திரு. அம்ப்ரோஸ் கீட்டிங். அவரோ அன்றிலிருந்து இன்றுவரை ஒரே பல்லவி பாடுபவர்: "அப்படி ஒண்ணும் நடக்கலை."

ஆகவே, என்ன நடந்தது என்பதை இந்த அவையில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறோம்.

அந்நாளில் ஓபல், முட்டை வேகவைக்கவும் தெரியாத ஒரு முதலாளியின் கீழ் நம் சமையற்கூடத்தில், மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் 'பை' பண்டம் சுட்டுக்கொண்டிருந்தாள். அமெரிக்கக் கண்டத்திலேயே அதற்கு ஈடான செர்ரி பை கிடையாது. சமையற்கூடக் குத்தகை அந்த வசந்தத்தில் ஏலத்துக்கு வந்தது. தன் பெயரிலேயே எடுத்துவிடலாம் என்று கடன் கேட்டு வங்கிக்குப் போனாள்.

"கணவர் கையெழுத்து வேணுமேம்மா" என்றார் வங்கிக்காரர்.

"அவரு அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போறேன்னு போயி ஆறு வருசம் ஆச்சு சார். மீனு அவரைப் பிடிச்சிடுச்சோ என்னமோ."

"அப்ப உங்க அப்பா?"

"கல்லறையில இருக்காரு. பேனா எட்டாது."

"அண்ணன் தம்பி யாராவது?"

"ஒருத்தன் இருக்கான். போன வாரம் எங்கிட்டதான் செலவுக்கு வாங்கிட்டுப் போனான். அவன் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, என்னுதுக்கு இல்லையா சார்?"

இல்லை. மணமான பெண்ணின் கையெழுத்து அன்று அவ்வளவுதான். அதை மாற்றத்தான் திருமதி இங்கா தோர்சன் ஒரு மசோதா கொண்டுவந்தார். அந்தப் பெரிய அவையில் மூன்றே பெண்கள். அவர்களில் ஒருவர் அவர். ஓபல் கண்ட கனவெல்லாம் அந்த மசோதாவில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தொடரின் கடைசி நாள் அது. விதிப்படி நண்பகல் பன்னிரண்டுக்கு அவை கலைந்தாக வேண்டும். அதற்குள் நிறைவேறாத மசோதா செத்த மசோதா.

விதிக்கு ஒரு பழக்கமும் உண்டு. முக்கியமான வேலை பாக்கியிருந்தால், தலைமைக் காவலர் ஜன்னல் திறக்கும் நீளக் கொக்கிக் கழியால் ஒரு தொப்பியைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தின் மேல் மாட்டிவிடுவார். மூடிய கடிகாரத்துக்கு மணி ஆகாது. அவை தன் பாட்டுக்கு நடக்கும். பதிவேட்டில் பன்னிரண்டுக்குக் கலைந்ததாக எழுதப்படும். பீர் வரிக்கு ஒரு தொப்பி ஏறியது. வாத்து வேட்டை உரிமத்துக்கு ஒரு தொப்பி ஏறியது. கையெழுத்து மசோதாவுக்கு மட்டும், பெரும்பான்மைத் தலைவர் ஹார்லன் டட்லி காலையிலேயே அறிவித்துவிட்டார்: "இன்னைக்கு எவன் தொப்பியும் ஏறாது."

இன்னொரு சங்கதி. ஆண்களின் கழிவறை மண்டபத்தை ஒட்டியே இருந்தது. பெண்களுக்கு மாளிகை முழுவதிலும் ஒன்றே ஒன்று, இரண்டு மாடி கீழே, சமையற்கூடத்துக்குப் பக்கத்தில். காலையிலிருந்து ஒரு மிடறு காப்பி குடிக்காமல் உட்கார்ந்திருந்த திருமதி தோர்சன், கடைசியில் தாள முடியாமல் இறங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும், பன்னிரண்டுக்குச் சில நிமிடங்களே இருக்கையில், டட்லி அந்த மசோதாவைப் பெயர் பெயராய் அழைக்கும் வாக்கெடுப்புக்கு எடுத்தார். அவர் இல்லாவிட்டால் இருபக்கமும் சமம்; சமம் என்றால் தோல்வி.

ஓபல் அப்போது காப்பித் தட்டோடு மண்டப வாசலில் நின்றிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத தாங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஓபல், தோர்சன் அம்மாவைக் கூட்டிட்டு வா. ஓடு!"

"மணி ஆயிடுச்சே தங்கமே! ரெண்டு மாடி இறங்கி ஏறணுமே!"

"மணியை நான் பாத்துக்கிறேன். நீ ஏப்ரனைக் கழட்டு."

"அது எதுக்கு?"

"எங்கிட்ட தொப்பி இல்லையே."

ஓபல் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பறந்தாள். அவள் கால் பட்ட படிகள் இன்னும் சூடாக இருக்கின்றன. சந்தேகமிருந்தால் தொட்டுப் பாருங்கள். கழிவறைக் கதவைப் பெயர்த்துவிடுவது போலத் தட்டினாள்.

"அம்மா, எந்திரிங்க! உங்க மசோதாவை எடுத்துட்டாங்க!"

"விடிஞ்சதுலேர்ந்து அடக்கிட்டு உக்காந்திருந்தேனே, அந்தப் படுபாவி கண்ணு என் மேலயேதானா இருந்துச்சு?"

"திட்டுறதைப் படியில வச்சுக்கலாம், வாங்க!"

இருவரும் பாதிப்படி ஏறியபோது, தெருவுக்கு அப்பாலிருந்த லூத்தரன் தேவாலயத்தில் நண்பகல் மணி அடிக்கத் தொடங்கியது. திருமதி தோர்சன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சு போச்சு ஓபல்."

"ஒண்ணும் முடியலை. மேல ஒரு பொண்ணு மணியைப் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கா. எந்திரிங்கம்மா."

அந்த வார்த்தையைத் தவிர ஓபலின் கையில் அப்போது ஒன்றுமில்லை. அதை நம்பி அவரைத் தூக்கி நிறுத்தினாள், முதுகில் கை கொடுத்துத் தள்ளிக்கொண்டே மேலேறினாள், மண்டபத்துக்குள் செலுத்தினாள். சமையற்காரிக்கு உள்ளே இடமில்லை. முகத்துக்கு நேரே கதவு மூடிக்கொண்டது. பிறகு காதால் கேட்டதுதான். தோர்சன் என்று பெயர் அழைத்தார்கள். "ஆம்!" என்று ஒரு குரல். குவிமாடத்தில் தங்கியிருந்த பனியெல்லாம் அந்தக் குரலில் சரிந்து விழுந்தது. அடுத்து அவைத் தலைவரின் சுத்தியல் சத்தம். மசோதா சட்டமாயிற்று.

சற்று நேரத்தில் தாங்கள் மடித்த ஏப்ரனோடு வெளியே வந்தீர்கள். அதில் கறுப்பாய் ஒரு கோடு. "கடிகாரத்து அழுக்கு, வெந்நீர்ல போட்டா போயிடும்" என்றீர்கள். அந்த மாதமே ஓபல் தன் கையெழுத்தைத் தானே போட்டுக் குத்தகையை எடுத்தாள். எழுத்து கொஞ்சம் பெரிதாய்ப் போய்விட்டது என்று வங்கிக்காரர் குறைப்பட்டார். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து படித்துவிடலாம், அவ்வளவுதான்.

ஆனால் தாங்கள் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்ன ஒவ்வொரு முறையும், ஓய்வு பெற்றபின் தினமும் பை சாப்பிட மட்டுமே மாளிகைக்கு வரும் திரு. கீட்டிங், பின்வரிசையிலிருந்து தொண்டையைச் செருமுவார்.

"கடிகாரத்து மேல எதுவும் ஏறலை. பதிவேட்டைப் பாருங்க, பன்னிரண்டுன்னு இருக்கு."

"அப்ப நான் கேட்ட கோயில் மணி?" என்பாள் ஓபல்.

"மணியடிக்கிறவன் குடிகாரன்."

"ஏப்ரன்ல இருந்த கறுப்பு?"

"உன் அடுப்புக் கரி. பையிலயும் அப்பப்ப வருது."

பிள்ளைகள் சிரிப்பார்கள். தாங்களும் கூடவே சிரித்துவிட்டு, "அவர் சொல்றதையும் கேட்டுக்கங்க பிள்ளைங்களா, நான் சொல்றதையும் கேட்டுக்கங்க" என்று அடுத்த அறைக்கு அழைத்துப் போவீர்கள். ஒரு நாளும் அவரைக் கோபித்ததில்லை. அவரிடம் கெஞ்சியதும் இல்லை. வரலாற்றுக் குழுவின் முடிவு வந்த அன்றுகூட அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தவர் தாங்கள். பொறுமைக்குச் சிலை வைப்பதானால் இம்மாநிலத்துச் செம்பு போதாது, பொன்தான் வாங்க வேண்டும், பெருமாட்டியே!

இம்மடலின் படியைக் கையொப்பத்துக்காக ஓபல் சென்ற வாரம் அவர் மேசைக்கு எடுத்துப் போனார். தொண்ணூறைத் தொடும் அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"சூரியன் நின்னுதா? கோழி ஒத்திப்போட்டுச்சா? உனக்கு வெக்கமே கிடையாதா ஓபல்?"

"நம்பலைன்னா கையெழுத்துப் போடாதீங்க. பை மட்டும் தின்னுட்டுப் போங்க."

அவர் பையைத் தொடவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார். படிக்கட்டில் திருமதி தோர்சன் உட்கார்ந்துவிட்ட இடம் வந்ததும் அந்த வரியில் விரலை வைத்தார். "மணியைப் பாத்துக்கிறேன்னு சொன்னாளா? இது எனக்குத் தெரியாதே" என்றார். பிறகு, "எல்லாருடைய பேருக்கும் கீழ எனக்குக் கொஞ்சம் இடம் விடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையொப்பத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இந்த அவையில் வாசிக்கும்வரை ஒருவரும் அதைப் பார்க்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆகவே, இதை வாசிப்பவரும் அந்த இடத்தை இப்போதுதான் முதன்முறையாக வாசிக்கப்போகிறார்.

அன்பின் உறைவிடமே! இனி விடியற்காலையில் தங்களை எழுப்பக் கடமை இல்லை. பனி கொட்டினால் போர்வையை இழுத்துக்கொள்ளலாம். மூட்டுவலி தங்கள் முகவரியை மறந்து போகட்டும்! ஏரிக்கரை வீட்டில் மீன்கள் தாமே வந்து தூண்டிலைக் கவ்வட்டும்! பேரப்பிள்ளைகள் தாங்கள் சொல்வதையெல்லாம் நம்பட்டும். ஓபல் சொல்வதில் பாதியை நம்பினால் போதும்! நோயின்றி, குறையின்றி, நூறு தாண்டி, நூறுக்கு மேலும் நாள் வேண்டுமென்றால் கடிகாரத்தில் எதையாவது மாட்டிக்கொண்டு, நெடுங்காலம் வாழ்க என வாழ்த்தி வணங்குகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பில் திளைத்த
மாளிகைக் காவலர்கள், வழிகாட்டிகள், எழுத்தர்கள், சமையற்கூடத்தார்

கீழே, திரு. கீட்டிங் தம் கைப்பட எழுதியது:

சூரியனும் கோழியும் பொய். நான் கடிகாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். ஏப்ரன் ஏறியதும் மண்டபமே சிரித்தது. டட்லி மட்டும் சிரிக்கவில்லை. "கீட்டிங், மணி என்ன?" என்று கத்தினார். என் கைக்கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அதைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு, "சுவர்க் கடிகாரம் சொல்றதுதான் சார் இங்க மணி. அது இன்னும் ஒண்ணும் சொல்லலை" என்றேன். தொப்பிக்குச் செல்லும் விதி ஏப்ரனுக்கும் செல்லும் என்று எனக்குப் பட்டது.

வெளியே ஒப்புக்கொண்டால், நேரம் கடந்து நிறைவேறிய சட்டம் என்று எவனாவது நீதிமன்றத்துக்குப் போய் அதைக் கவிழ்த்துவிடுவான் என்று பயந்தேன். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் பிள்ளைகள் முன்னால் வில்மாவைப் பொய்யாக்கினேன். அவர் ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சென்ற குளிர்காலக் கூட்டத்தில் அந்தச் சட்டம் அடியிலிருந்து புதிதாக இயற்றப்பட்டுவிட்டது. பழைய நண்பகலைக் காட்டி இனி யாரும் அதைத் தொட முடியாது.

வரலாற்றுக் குழுவினருக்கு: மண்டபத்துக்குள் இருந்தேன். கண்ணால் கண்டேன். நடந்தது.

அம்ப்ரோஸ் கீட்டிங்