ஆறில் ஒன்றுகூட விடவில்லை

மேலே குறித்துள்ள பெயரும் வயதும் விலாசமும் என்னுடையவை. கார் பட்டறையில் பெயிண்ட் அடிப்பது என் தொழில். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. இந்த வழக்கில் காவலில் இருப்பவர் என் கணவர். இறந்துபோனவன் என் கூடப்பிறந்த தம்பி. புகார் கொடுத்திருப்பவர் எங்கள் அப்பா. மூன்று பேரில் யார் பக்கம் பேச வந்திருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். பக்கம் பார்த்துப் பேசுவதாக இருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதினார்.

பட்டறை என் கணவருடையது. தகடு வேலையும் வெல்டிங்கும் அவர் செய்வார், பெயிண்ட் என் பொறுப்பு. தம்பி பகலில் சரக்கு வேன் ஓட்டுவான், விடுமுறை நாட்களில் பந்தயத்தில் ஓட்டுவான். முதல் பந்தயத்திலேயே நின்ற இடத்தில் மூன்று சுற்று சுற்றியதால் டிராக்கில் அவனுக்குப் பம்பரம் என்று பேர். கூப்பிட்டால் கோபப்பட மாட்டான், அந்தப் பேரையே வண்டியின் கதவில் எழுதச் சொன்னான். எழுதியது நான்தான். அப்பா லாரிகளுக்குப் பாடி கட்டிப் பிழைத்தவர். அம்மா தவறிய பிறகு எங்களோடு இருக்கிறார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். பட்டறையில் கலந்து கிடக்கும் நட்டு போல்ட்டுகளைப் பிரித்து டப்பாக்களில் போட்டு வைப்பார். எந்த வேலை முடிந்தாலும் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார், லாரி கட்டிய காலத்துப் பழக்கம். தொங்கியும் அசையாமல் நின்றால்தான் அவர் கணக்கில் அது வேலை. துணி காயப்போடும் கம்பியைக்கூட அப்படித் தொங்கிப் பார்த்து இரண்டு முறை அறுத்திருக்கிறார்.

பந்தய வண்டி ஒரு பழைய கார். வேகம் கூடினால் அடியில் காற்று புகுந்து முன்பக்கம் லேசாகிவிடும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்ப யோசிக்கும். அதனால் முன் பம்பருக்குக் கீழே தரையை ஒட்டி ஒரு தடுப்பு வைப்பார்கள். ஏர் டேம் என்று அதற்குப் பேர். கதவுக்கு அடியில் காற்று வராமல் துணி செருகுகிற மாதிரிதான். கடையில் வாங்க வழியில்லாமல் என் கணவர் அலுமினியத் தகட்டில் தானே செய்தார். அட்டையை வெட்டி வண்டிக்கு முகம் அளந்து, தகட்டை வளைத்து, ஓரம் தேய்த்து அவர் தர, நான் கறுப்பு அடித்துக் கொடுத்தேன். மாட்டி முடித்ததும் தம்பி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அக்கா, வண்டிக்குத் தாடி முளைச்சிருச்சு, இனிமே பொண்ணு கிடைக்காது" என்றான். அன்றிலிருந்து அது எங்களுக்குத் தாடிதான்.

தாடியை வண்டியோடு பூட்டியது ஆறு பிளாஸ்டிக் போல்ட்டுகள். இதை அதிகாரி இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் அதையே சொன்னேன். இரும்பு போல்ட் கேட்டால் கிடைக்கும், கணவர் தெரிந்தேதான் பிளாஸ்டிக் போட்டார். வளைவுகளின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையும் அடித்த மேட்டுக்கட்டை இருக்கும். தாடி அதில் இடித்தால் போல்ட் தலை தெறித்து, தகடு மொத்தமாகக் கழன்று ஓரத்தில் விழ வேண்டும். கழலாமல் தொங்கினால் பின்னால் மடங்கி முன் சக்கரத்துக்குள் போகும், போனால் வண்டி ஓட்டுபவன் சொல் கேட்காது. "காத்துக்குத் தாங்கணும், அடிக்குத் தாங்கக் கூடாது" என்று எங்கள் எல்லோருக்கும் சொன்னார். அப்பாவும் அங்கேதான் நின்றார். எங்கள் பட்டறையில் ஒரு போல்ட்டை முடுக்கி முடித்ததும் அதன் தலையில் மஞ்சள் கோடு ஒன்று இழுக்க வேண்டும். கோடு இல்லாமல் வண்டி வெளியே போகக் கூடாது. கணவர் பெயிண்ட் பேனாவால் மெல்லிசாக இழுப்பார். அன்றும் ஆறு தலையிலும் இழுத்தார், நான் பார்த்தேன்.

அதன் பிறகு வந்த பந்தயத்தில் தம்பி நன்றாகவே ஓட்டினான். நடுவில் ஒரு வளைவில் கட்டை மேல் ஏறினான், தாடி இடித்தது, கழன்று ஓரத்தில் விழுந்தது. சொன்னது சொன்னபடி நடந்தது. ஆனால் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவன் கடைசியில் ஏழாவதாக வந்தான். அதன் பிறகு கொடி காட்டும் ஆள் ஒருவர் அந்தத் தகட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் நடந்து வந்து, "யார் வீட்டு வாசக்கதவுங்க இது" என்று கேட்டார். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் காது மடல் சிவந்துவிட்டது, போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே பேச்சு. "என் ஆயுசுல நான் பூட்டுனது ஒண்ணு ரோட்ல விழுந்துச்சுன்னு எவனும் சொன்னதில்ல."

மறுநாள் பட்டறையில் தம்பிக்கும் என் கணவருக்கும் வாய்ச்சண்டை வந்தது உண்மை. தோற்ற ஆத்திரத்தில் அவன், "மச்சான், நீ பூட்டுனியா, இல்ல ஒட்ட வச்சியா?" என்று கேட்டான். இவர், "நீ முழுசா வந்து நின்னு என்னைக் கேள்வி கேக்குற பாரு, அதுக்குத்தான் அது விழுந்துச்சு" என்றார். அவன் விடவில்லை. கடைசியில் இவர் ஸ்பானரைக் கீழே போட்டு, "சரிடா, இனிமே விழாது, போதுமா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். பக்கத்து டயர் கடைக்காரர் சாட்சி சொல்லியிருப்பது இந்த ஒரு வரியைத்தான். வரி சரி. ஆனால் அதன் பிறகு என் கணவர் செய்தது, தாடியைக் கட்டையில் இடிக்காதபடி ஒரு விரல் உயரம் ஏற்றிப் பூட்டியது மட்டுமே. புது பிளாஸ்டிக் போல்ட் ஆறு போட்டார், மஞ்சள் கோடு இழுத்தார். அன்று சாயங்காலமே இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். டயர் கடைக்காரர் அதற்குள் கடையைச் சாத்திவிட்டதால் அதற்குச் சாட்சி இல்லை.

அடுத்த பந்தயத்துக்கு முந்தின நாள் மதியம் கணவரும் தம்பியும் டயர் எடுத்து வரப் போயிருந்தார்கள். நான் பெயிண்ட் அறையில் முகமூடி போட்டு வேலை செய்துகொண்டிருந்தேன், காற்றாடி ஓடியதால் வெளிச்சத்தம் கேட்காது. வெளியே வந்தபோது வண்டியின் முன்பக்கத்துக்கு அடியிலிருந்து அப்பாவின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என்னப்பா என்றேன். "சும்மா பாக்குறேன்மா" என்றார். அதன் பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, தகட்டின் மேல் ஒரு முட்டியை ஊன்றிப் பாரம் கொடுத்துப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை என்பதால், அது எதற்கு என்று கேட்டுக் கெடுக்க மனம் வரவில்லை.

பந்தயத்தன்று காலையில் கணவர் தாடியைக் கையால் ஆட்டிப் பார்த்தார், குனிந்து கோடுகளைப் பார்த்தார். ஆறு கறுப்புத் தலை, ஆறு மஞ்சள் கோடு. லாரிக்குப் போடும் இரும்பு போல்ட்டும் கறுப்புதான். கோடு வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்ததை இப்போது சொல்ல முடிகிறது, அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று நம்புவதற்காகத்தானே கோடு.

அதன் பிறகு நடந்ததை டிராக் ஆட்களின் அறிக்கையில் விவரமாக எழுதியிருக்கிறார்கள். முன்னால் போன வண்டி வழுக்கியதால் தம்பி ஒதுங்கினான், ஒதுங்கியவன் கட்டை மேல் முழுதாக ஏறினான், தகடு இடித்தது, கழலவில்லை. மடங்கி இடப்பக்கச் சக்கரத்துக்குள் போனது. வண்டி நேராகச் சுவருக்குப் போனது. அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே இருந்ததை நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தேன். கை இரண்டும் திரும்பின, வண்டி திரும்பவில்லை. அந்தக் கைகள்தான் கண்ணை மூடினால் வருகின்றன. அப்பா எனக்கு முன்னால் ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் ஓடுவார் என்று எனக்குத் தெரியாது. இதற்கு மேல் இந்தப் பகுதியில் சொல்ல என்னால் முடியவில்லை என்றேன், அதிகாரி தண்ணீர் கொடுத்தார்.

அடக்கம் முடிந்த பிறகு வண்டியை அடையாளம் காட்ட எங்களை இந்த நிலையத்துக்கு அழைத்தார்கள். கணவர் சுவரோரமாக நின்றார், கிட்டே வரவில்லை. கதவில் நான் எழுதிய பேர் பாதியில் மடங்கிக் கிடந்தது. அப்பா முன்பக்கம் போய்க் குந்தினார். கிழிந்த தகட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். ஒவ்வொரு போல்ட் தலையையும் கட்டைவிரலால் தடவினார். அதன் பிறகு அழுதுகொண்டே என்னைப் பார்த்து, "பாத்தியாம்மா, ஆறுல ஒண்ணு கூட விடல. நம்ம பூட்டு நின்னிருக்கு. உன் வீட்டுக்காரன் தகடுதான் மெலிசு, கிழிஞ்சு புள்ளையைக் கொன்னுடுச்சு" என்றார். நம்ம பூட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த இரண்டு கால்கள் ஞாபகம் வந்தன.

அன்றே அப்பா உள்ளே போய், மெல்லிய தகடு போட்டு என் மகனைக் கொன்றுவிட்டான் என்று புகார் எழுதிக் கொடுத்தார். வண்டியைச் சோதித்தவர்கள் தகட்டைக் குறை சொல்லவில்லை. உடைய வேண்டிய இடத்தில் உடையாத போல்ட் போட்டதே காரணம் என்று எழுதினார்கள். போல்ட் தலையில் மஞ்சள் கோடு இருந்தது, கோடு என் கணவருடையது என்று ஊருக்கே தெரியும், டயர் கடைக்காரர் வரியும் சேர்ந்தது. என் கணவரை அழைத்துப் போனார்கள். போல்ட்டை அவர் முன்னால் வைத்துக் கேட்டபோது, "பட்டறை என்னுது, கோடும் என் பட்டறைக் கோடு, என் பேரை எழுதிக்கோங்க" என்று சொன்னதாக அறிந்தேன். பார்க்கப் போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னது ஒன்றுதான். "மாமாகிட்ட எதுவும் கேக்காதே." அவருக்குப் போல்ட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த மனிதரின் தலையில் இதையும் வைப்பானேன் என்று நினைத்திருக்கிறார். பெரிய மனதுதான், எனக்கு வந்தது கோபம். தம்பியும் போய், செய்யாத தப்புக்குக் கணவரும் போய், நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம்.

அதன் பிறகு வீட்டில் அப்பாவின் டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். அவர் எதையும் எறிய மாட்டார். கடைசி டப்பாவில், மற்றவற்றோடு சேர்க்காமல் ஒரு காகிதத்தில் சுற்றி ஆறு பிளாஸ்டிக் போல்ட்டுகள் இருந்தன. ஆறு தலையிலும் என் கணவர் இழுத்த மெல்லிய மஞ்சள் கோடு இருக்கிறது. இத்துடன் அவற்றை ஒப்படைக்கிறேன்.

அப்பா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மகன் மறுபடி நாலு பேர் சிரிக்கத் தோற்கக் கூடாது என்று செய்தார். விழ வேண்டும் என்றே ஒரு பொருளைப் பூட்டுவது அவர் புத்திக்கு ஏறவே இல்லை. சோதித்தவர்கள் எழுதியது அவர் காதுக்குப் போகவில்லை, தன் பூட்டுதான் காரணம் என்று இந்த நிமிடம் வரை அவருக்குத் தெரியாது. அந்த ஆறும் நின்றன என்பது ஒன்றுதான் இப்போது அவருக்கு ஆறுதலாக இருக்கிறது. அதைத்தான் நான் இந்தத் தாளில் அவரிடமிருந்து பறித்துக்கொண்டேன்.

இன்று காலை என்னை இங்கே அழைத்து வந்ததும் அப்பாதான். கணவருக்காக நான் பொய் சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். வெளியே பெஞ்சில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதை எனக்குப் படித்துக் காட்டும் முன் ஜன்னலைச் சாத்தும்படி கேட்டுக்கொண்டேன், சாத்தினார்கள். அப்பாவிடம் வேறு யாரும் சொல்வதற்கு முன் நான் சொல்ல வேண்டும், அதுவரை அவரைக் கூப்பிட வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறேன்.

படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. கண்டதையும் கேட்டதையும் தவிர இதில் எதுவும் சேர்க்கவில்லை. யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்ற கேள்விக்குப் பதில்: ஆம், ஒருவர். உள்ளே வரும்போது அப்பா என் தலையில் கை வைத்து, "யாருக்கும் பயப்படாதே, நடந்ததை நடந்தபடி சொல்லிட்டு வா" என்றார்.

சொல்லிவிட்டேன்.

(கையொப்பம்)