பலகைக்கு அந்தப் பக்கம்

டீக்குச் சர்க்கரை வேண்டாம், அப்படியே குடித்துக்கொள்வேன். தேன் தொழில் செய்கிறவனுக்கு இனிப்பு பிடிக்காது என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் தின்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தொழிலைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது விளங்காமல் மற்றது விளங்காது. நாங்கள் தேனீயை வெறும் ஈ என்றுதான் சொல்வோம். கூட்டில் இடம் போதாவிட்டால் பழைய ராணி பாதி ஈக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். புது இடம் அகப்படும் வரை ஒரு கிளையிலோ, விளக்குக் கம்பத்திலோ, யாரோ நிறுத்திவைத்த சைக்கிளின் கைப்பிடியிலோ தாடி மாதிரி தொங்கும். பார்க்கிறவர்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். உண்மையில் ஈ அவ்வளவு சாதுவாக இருக்கிற நேரம் வேறு கிடையாது. வயிறு முட்டத் தேன் குடித்திருக்கும். காப்பதற்கு வீடு இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. யாரை, எதற்குக் கொட்டும்? வீடு என்று ஒன்று அமைந்த பிறகுதான் அதற்குக் கொடுக்கு ஞாபகம் வரும்.

பிடிப்பது பெரிய வித்தை இல்லை. கீழே பெட்டியை ஏந்திக்கொண்டு கிளையை ஓர் உலுக்கு உலுக்க வேண்டும். ராணி உள்ளே விழுந்துவிட்டால் போதும். சில ஈக்கள் வாசலில் நின்று வாலைத் தூக்கிச் சிறகடித்து வெளியே இருப்பவற்றைக் கூப்பிடும். சாயங்காலத்துக்குள் மொத்தமும் உள்ளே போய்விடும். ஆனால் மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் பெட்டி காலியாக இருக்கும். பிடித்ததை இருக்க வைப்பதில்தான் ஆளின் சாமர்த்தியம்.

அதற்கு என் வழி வேறு, தம்பியின் வழி வேறு. நான் வாசலில் ஒரு தகடு வைப்பேன். அதன் துளையில் சின்ன ஈ நுழைந்து போகும், ராணி போக முடியாது. ராணி போகாவிட்டால் ஒன்றும் போகாது. நாலைந்து நாளில் மெழுகு கட்ட ஆரம்பித்துவிடும். தம்பிக்குத் தகடு பிடிக்காது. வேறு பெட்டியிலிருந்து புழு இருக்கிற தேனடை ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வாசலைத் திறந்தே விடுவான். "குழந்தையை விட்டுட்டுப் போகாதுண்ணா. போறதுன்னா போகட்டும், கட்டி வெச்சா குடும்பம் நடத்த முடியுமா?" என்பான். அவன் வைத்தவற்றில் பாதி ஓடிவிடும். அவன் வருத்தப்பட்டதே கிடையாது.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்தொன்று. தலை சீவி விட்டதும் நான்தான், காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டதும் நான்தான். எனக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. வருகிறவள் இவனை எப்படி நடத்துவாளோ என்று தட்டிக் கழித்துவிட்டேன். பதினேழு வயதில் அவனை என்னோடு தொழிலுக்குச் சேர்த்துக்கொண்டேன். அவனுக்கு ஒரு வரம் இருந்தது. சுவருக்குள் புகுந்த கூட்டத்தை, சுவரில் காதை ஒட்டிக் கேட்டே கண்டுபிடித்துவிடுவான். அடை எங்கே தொங்குகிறது, எத்தனை விரல் அகலம், எல்லாம் சொல்வான். இடித்துப் பார்த்தால் அச்சுப் பிசகாது. தொழிலில் எல்லோரும் அவனைக் 'காது' என்றே கூப்பிட்டார்கள். நாங்கள் இருபது வருடம் அப்படி வேலை செய்தோம்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் அவன் கழுத்தில் ஓர் ஈ கொட்டியது. ஆயிரம் கொட்டு வாங்கியவன் அவன். அன்று மட்டும் உதடு வீங்கி, மூச்சு விசிலடித்தது. தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடினேன். டாக்டர் பிழைக்க வைத்துவிட்டு, இன்னொரு முறை கொட்டினால் கால்மணி நேரம்கூடத் தாங்காது என்றார். ஓர் ஊசியையும் கொடுத்து, எப்போதும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்றார். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல்நெஞ்சன் இல்லை.

அதன் பிறகு அவன் ஏணி ஏறவில்லை. வீட்டுக்குள்ளே நின்று, கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு, சுவரில் காதை வைத்துச் சொல்வான். வெளியே நான் ஏணியில் நின்று எடுப்பேன். வருகிற போன்களையும் அவன்தான் பேசுவான். எங்கள் வண்டியில் எழுதியிருந்த நம்பர் அவனுடையது.

போன வருடம் ஒரு நாள் மத்தியானம், கொட்டகையில் பெட்டிகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா, நான் வேற வேலைக்குப் போகலாம்னு இருக்கேன்."

"என்ன வேலை?"

"பூச்சி மருந்து கம்பெனி. ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்கிற வேலைதான். ஈ பக்கமே போக வேண்டாம். அவ பயப்படறாண்ணா."

அவள் என்றது அவன் பெண்டாட்டியை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற நல்ல பெண். என்னை மாமா என்று மரியாதையாகக் கூப்பிடுவாள்.

நான் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. "சரி, போ" என்றேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டான். என் கையிலிருந்த பெயிண்ட் அவன் சட்டையில் ஒட்டியது.

ஈ பிடிக்கிறவனின் தம்பி ஈயைக் கொல்கிற கம்பெனியில். போகட்டும், வயிற்றுப்பாடு என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த நம்பரை அவன் மாற்றவில்லை. ஊர் முழுக்க இருபது வருடமாக அந்த நம்பரைத்தான் வைத்திருக்கிறது. ஈ வந்தால் எனக்கு அடிப்பதாக நினைத்து அவனுக்கு அடிப்பார்கள். அவன் யாரை அனுப்புவான்?

இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது. ரயில்வே பாலத்தடியில் ஒரு சலவைக் கடை இருக்கிறது. துணி கொடுக்கப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "உங்க தம்பி கம்பெனியிலேர்ந்து வந்து சுத்தமா முடிச்சுக் குடுத்துட்டாங்க. நல்ல சர்வீஸ்" என்றார். எதை முடித்தார்கள் என்று கேட்டேன். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மழைத்தண்ணீர்க் குழாயின் அடியில் கூட்டம் குவியலாகக் கிடந்தது. சில இன்னும் கால்களை அசைத்துக்கொண்டிருந்தன. சும்மா தொங்கியிருந்த கூட்டம், வீடுகூட இல்லாதது. நான் முறத்தை வாங்கி அள்ளினேன். ஒரு வாளி நிறைந்தது. ராணியைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்களே, அது எந்த இடத்தில் பாயும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். எதைக் கேட்பது? கேட்டால் அவன் ஏதாவது சொல்வான். அவன் சொல்வது எப்போதும் கேட்க நன்றாக இருக்கும்.

அவன் குடியிருக்கிற முதல் மாடி வீட்டில், படுக்கையறைச் சுவரில் பழைய ஏ.சி.யைக் கழற்றிய ஓட்டை ஒன்று உண்டு. உள்ளே ஒரு பலகை, வெளியே ஒரு பலகை அடித்து மூடிக் கொடுத்தவன் நான்தான். நடுவில் ஒன்றரை வாளி கொள்கிற வெற்றிடம். ஈக்கு அதற்கு மேல் அரண்மனை வேண்டாம். வசந்தம் தொடங்கி, வேவு ஈக்கள் இடம் தேடித் திரிகிற வாரத்தில், அவர்கள் இருவரும் வேலைக்குப் போன நேரத்தில் போனேன். சாவி அவனே கொடுத்து வைத்திருந்தது. உள்பலகையைக் கழற்றி, வெற்றிடத்துக்குள் பழைய மெழுகைத் தேய்த்து, எலுமிச்சம்புல் எண்ணெய் நாலு சொட்டு விட்டேன். ராணி கூப்பிடுகிற வாசனை போலவே இருக்கும் அது. வெளிப்பலகையில் விரல் நுழைகிற அளவு ஓர் ஓட்டை போட்டேன். உள்பலகையைத் திரும்பப் பொருத்தும்போது நாலு திருகாணியில் இரண்டை மட்டும் போட்டேன். அவையும் இறுக்கமில்லை.

நான் செய்தது அவ்வளவுதான். எந்தக் கூட்டத்தையும் கொண்டுபோய் அங்கே விடவில்லை. இடம் தயார் செய்தேன், அவ்வளவே. பன்னிரண்டாம் நாள் ஒரு கூட்டம் தானாக வந்து குடியேறியது.

அவன் போன் செய்வான் என்று தெரியும். கம்பெனி ஆளைக் கூப்பிடுவானோ என்று மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. அவன் என்னைத்தான் கூப்பிட்டான்.

"அண்ணா, நம்ம வீட்டுக்கே வந்துடுச்சு. ராத்திரியெல்லாம் முனகுது. மருந்தடிக்க மனசு வரல, நீ வந்து எடுத்துட்டுப் போறியா?"

மூன்று வாரம் கழித்து வருகிறேன், வேலை இருக்கிறது என்றேன். அடை கட்டி, முட்டையிட்டு, புழு வைக்கட்டும் என்று விட்டேன். ஏன் என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை காலை போனேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். அவன் லீவு போட்டிருந்தான். பழைய நாள் மாதிரி இருந்தது. ஏணியின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொண்டான். "நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான்.

"நீ எப்பவும் பண்றதுதான். உள்ளே நின்னு காது குடு. அடை எந்தப் பக்கம்னு சொல்லு."

"ஊசியை எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கவா? ஃபிரிட்ஜ்ல இருக்கு."

"பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஈ உன்னை என்னடா பண்ணும்?"

சிரித்தான். பெண்டாட்டி பயந்து பயந்து தன்னையும் பயங்கொள்ளி ஆக்கிவிட்டாள் என்றான். அறைக்குள் போனான். சன்னல் சாத்தியிருந்தது. வீட்டுக்குள் ஈ பரவக் கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அந்தப் படுக்கையறை ஒரு காலத்தில் ஸ்டோர் ரூமாக இருந்தது, தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது. போட்டேன்.

வெளியே வந்து ஏணி ஏறினேன். புகை டப்பாவைப் பற்றவைத்தேன். அவன் குரல் பலகை வழியாகத் தெளிவாக வந்தது. "இடது பக்கம் ஆரம்பிச்சு அஞ்சு அடைண்ணா. நல்ல கூட்டம். ராணி நடுவுல இருக்கு போல, அங்கதான் சத்தம் மெதுவா இருக்கு." சொன்னது அத்தனையும் சரி, பிறகு நானே பார்த்தேன்.

புழு இருக்கிற கூட்டுக்குள் வாசல் வழியாகப் புகையை அடைத்து ஊதினால், ஈ பின்னால் போகும். பின்னால் வழி இருந்தால் அந்த வழியாக வெளியே போகும். வெளிப்பலகையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். இரண்டாவது தட்டில் உள்ளே பலகை விழுந்த சத்தம் கேட்டது.

அவன் "அண்ணா" என்று கூப்பிட்டான். ஐந்து முறை. முதல் இரண்டும் சாதாரணமாக, ஏணியை நகர்த்தச் சொல்வது மாதிரி இருந்தது. பிறகு கதவைத் தட்டினான். அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது என்றுதான் நினைத்திருப்பான்.

நான் வேலையை நிறுத்தவில்லை. வெளிப்பலகையைக் கழற்றி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பெட்டியின் மரச் சட்டத்தில் கட்டினேன். ராணி மூன்றாவது அடையில் இருந்தாள். பெட்டிக்குள் வைத்து, வாசலில் தகடு போட்டு, ஏணிக்குப் பக்கத்தில் வைத்தேன். அறைக்குள் போயிருந்த ஈக்கள் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. கொட்டியவை வராது, அவை செத்துவிடும். அதனால் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. வெயில் சாயும் வரை கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஆறு மணிக்கு வந்தாள். "எங்கே மாமா அவர்?" என்று கேட்டாள். உள்ளே இருக்கிறான் என்றேன். பொய் சொல்லவில்லை.

தாழ்ப்பாளைத் திறக்க மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். திருகாணிகள், எண்ணெய், மூன்று வாரம், எல்லாம் நான் யோசித்துச் செய்தது. கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று நீங்கள் கொண்டுவந்து காட்டிய கம்பெனி நோட்டைப் பற்றித்தான் ராத்திரி யோசித்தேன். சலவைக் கடை விஷயம் தெரிந்ததும் அவன் மேனேஜரோடு சண்டை போட்டான், அன்று அவன் லீவில் இருந்தபோது கம்பெனி போனுக்கு வந்த அழைப்பை வேறு யாரோ எடுத்து ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று அவனோடு ஆபீசில் வேலை பார்த்த அம்மாள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அதற்குப் பிறகு ஈ என்று வந்த பதினொரு போனுக்கும் எதிரே அவன் கையெழுத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறது, 'மருந்து வேண்டாம், அண்ணாவிடம் அனுப்பியாயிற்று' என்று. நம்பரை அதற்காகத்தான் அவன் மாற்றாமல் வைத்திருந்தானாம். உண்மைதான், அந்தப் பதினொரு பேரும் கொட்டகைக்கு என்னைத் தேடி வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்தையும் எடுத்துக் கொடுத்தேன். யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை, என் பெயரைக் கேள்விப்பட்டு வருகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

இருக்கலாம். அவன் கையெழுத்து எனக்குத் தெரியும், நான்தான் கையைப் பிடித்து எழுதப் பழக்கினேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். கூடப்பிறந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை நாள் ஒரு காரியம் செய்திருக்கிறான் பாருங்கள், அதற்குப் பெயரும் துரோகம்தான்.