ஒப்பீட்டுக்கு ஒரு கால்

நோயாளியின் பாதத்தைத் தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது என் வழக்கம். ரத்த ஓட்டம் குறைந்த கால் ஏற்கெனவே சில்லிட்டிருக்கும், ஏ.சி. அறையின் குளிர்ந்த கையையும் அதன் மேல் வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆழ்வார்பேட்டையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் என்னைப் பற்றி முதலில் சொல்வது இதைத்தான். நீங்களும் விசாரித்துப் பாருங்கள்.

அந்தோணியம்மாளும் அப்படித்தான் சொன்னார். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கூடையைத் தலையில் சுமந்து மந்தைவெளித் தெருக்களில் நடந்து விற்கிறவர். சர்க்கரை நோய். இரண்டு கால்களிலும் ரத்தக்குழாய் அடைப்பு, ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே அளவில். ஸ்கேனைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுப் பாதை போடும் பைபாஸ் செய்ய வழியில்லாத கால்களுக்காக ஓர் ஊசியை உருவாக்கப் பல வருடங்களாகப் பாடுபடுகிறேன். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல்களை எடுத்துக் காலில் செலுத்தினால் புதிய ரத்தக்குழாய்கள் வளரும் என்பது என் நம்பிக்கை. எத்தனை பேரைக் குணமாக்கிக் காட்டினாலும் கருத்தரங்குகளில் ஒரே கேள்விதான். இவர் உடம்பு வேறு, அவர் உடம்பு வேறு, எப்படி ஒப்பிடுகிறீர்கள்? ஒரே ஆளின் இரண்டு கால்கள் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இரண்டிலும் ஊசி போட்டேன். இடது காலில் செல்கள். வலது காலில் உப்புநீர். இரண்டுமே மருந்து என்று அவரிடம் சொல்லியிருந்தேன். உண்மை தெரிந்தால் வலியைக் கூட்டிச் சொல்வார்கள், குறைத்துச் சொல்வார்கள்; முடிவு கெட்டுவிடும்.

இடது கால் தேறியது. வலது காலில் விரல்கள் கறுத்தன.

"இந்தக் காலு எங்க வூட்டுக்காரரு மாதிரி டாக்டர். இன்னா குட்த்தாலும் திருந்தாது" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவர் குரல் இறங்கியது. "நடந்தாத்தான் டாக்டர் எனக்கு சோறு. எதுனா பண்ணுங்க."

பாவமாக இருந்தது. அவருக்குப் பைபாஸ் செய்ய வழி இருந்தது; செய்திருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்கும். எனக்குக் கைவந்த அறுவை சிகிச்சை. ஆனால் செய்தால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. என்னால் ஒன்றும் செய்ய முடியாத நிலை, அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பார்க்கலாம் என்றேன். வந்தபோதெல்லாம் அதையே சொன்னேன். கடைசியில் முழங்காலுக்கு மேலே நானே வெட்டி எடுத்தேன். தையல் நன்றாக ஆறியது.

அவருடைய மகன் ஜான் புகார் கொடுத்ததால்தான் நீங்கள் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய காலைத் தெரிந்தே அழுக விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அந்தோணியம்மாளே ஊன்றுகோலோடு வந்திருந்தார். "புள்ள கோவத்துல எழுதிக் குட்த்துட்டான். மனசுல வச்சிக்காதீங்க. உங்கள வுட்டா எனக்கு யாரு டாக்டர் கீறாங்க?" என்று இடது பாதத்தை நீட்டினார். கட்டைவிரல் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

இப்போதே பைபாஸ் செய்தால் காப்பாற்றிவிடலாம். ஆனால் அந்தச் செல்கள் எவ்வளவு காலம் தாங்கும் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.