நாரத்தையின் நிறம்

அலை ஓயாத நம் தீவுக் கரையாம் வண்டூரில் இன்று ஒரு நாள் கடலுக்கு விடுமுறை தந்து கூடியிருக்கும் அவையே! மீனவர் மன்றத் தலைவர் பன்னீர்செல்வம் ஐயா அவர்களே, மேடையில் கூச்சத்தோடு வீற்றிருக்கும் நம் வங்காள அண்ணன் சுபல் தாதா அவர்களே, பெரியோர்களே, கடலையே பார்த்துக் கண் பூத்த தாய்மார்களே, பிரவீனாவின் பணிவான வணக்கம்.

ஆரஞ்சு என்கிறோமே, அந்தச் சொல் பிறந்தது இலண்டனிலா? இல்லை. நம் நாரத்தையின் குடும்பம் அது என்கிறார்கள் அறிஞர்கள் பலர். வடமொழியில் நாரங்கமாகி, பாரசீகத்தில் நாரங் ஆகி, அரபியில் நாரஞ்சாகி, ஐரோப்பியக் கரையில் முதலெழுத்தைத் தொலைத்து ஆரஞ்சானது. அதுவரை ஆங்கிலேயர் அந்த நிறத்தை மஞ்சள் சிவப்பு என்றே சொல்லிவந்தார்கள். பழம் வந்தது, பழத்தின் பெயரே நிறத்தின் பெயரானது.

வகுப்பா எடுக்கிறாய் என்று பின்வரிசையில் கேட்கிறது. பொறுங்கள் மாமா, கடலுக்குத்தான் வருகிறேன்.

நம் படகில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது? உறை பிரிக்காமல் பலகைக்கு அடியில். படகுத்துறையில் செக்கிங் வந்தால் எடுத்துக் காட்ட! கடலில் விழப்போவது செக்கிங் வருகிறவரா, நாமா?

நான் பயந்தவள், கைக்குழந்தைக்காரி. காற்று திரும்பினாலே தூக்கம் போகும். உறையைக் கிழித்து என் கணவர் ஜஸ்டினுக்கு நானே மாட்டிவிட்டேன். படகுத்துறையே சிரித்தது. சிலுவைராஜ் அண்ணன் சொன்னார்: "ஏலே ஜஸ்டின், ஒம் பொண்டாட்டி ஒன்ன நாரத்தத் தோலுக்குள்ள வச்சுல்லா அனுப்புதா." கழற்றினால் நான் அழுவேன் என்று என் கணவர் கழற்றவில்லை.

அன்று மாலை காற்றில் படகு கவிழ்ந்தது. படகில் அவர் தனியாள். சாம்பல் வானம், சாம்பல் கடல். அதில் ஒரு தலை எம்மாத்திரம்? கரை திரும்பிக்கொண்டிருந்த சுபல் தாதா தலையைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தார். கூட்டாளியிடம் சொன்னார்: "உதர் தேக்கோ, குச் நாரங்கி ஹை." அங்கே பார், என்னவோ ஆரஞ்சாகத் தெரிகிறது என்று.

நாரங்கி! ஆரஞ்சின் அக்காள், நாரத்தையின் மகள். ஒரு வங்காளியின் வாயில் இந்தி மொழியாக வந்து, என் மகளின் தகப்பனைக் கரைசேர்த்த சொல். தாதா, உங்களுக்கு எந்த மொழியில் நன்றி சொல்வேன்? எல்லா மொழியிலும் சொல்கிறேன்.

சிலுவைராஜ் அண்ணே, உங்களுக்கும் நன்றி. அன்று தேடிப் புறப்பட்ட முதல் படகு உங்களுடையது. அந்தக் காற்றிலும் உங்கள் ஜாக்கெட் உறைக்குள்ளேயே இருந்தது. உங்களையும் சேர்த்துத்தான் அன்றிரவு வேண்டிக்கொண்டேன்.

இதோ, உங்கள் மனைவி கிரேசி மைனி அந்த ஜாக்கெட்டை உறையோடு எடுத்து வந்திருக்கிறார். கையில் கத்தரிக்கோலும் இருக்கிறது. சிரித்தது போதும், மேடைக்கு வாருங்கள் அண்ணே. உங்கள் கையாலேயே பிரியுங்கள்.

போனவர்கள் எல்லோரும் திரும்பி வரும் கரையாக நம் கரை இருக்கட்டும். கேட்டிருந்த உள்ளங்களுக்கு என் நன்றி, வணக்கம்.