பேச்சியின் வலது கை

"கைய எடு! ஏட்டி பேச்சி, கைய எடு!"

கத்துகிறேன். தகடு அமுக்கும் பிரஸ் மெஷின் இறங்குகிறது. டங். அதே சத்தம்தான், தகட்டின் மேல் மட்டும் விழும்போது வருவது. அதன் பிறகுதான் அவள் அலறினாள். ஓடுகிறேன். யாரோ சிவப்புப் பட்டனை அடித்தார்கள். சைரன். வைகாசி மாதம், பகல் ஷிப்ட், சாப்பாட்டுக்கு முன்பு. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை.

பேச்சி என் அறைத்தோழி. தென்காசிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் இருக்கிறோம்.

அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் டார்கெட் எட்டாது. அதனால் ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைப்போம். இடது கை அழுத்தும், வலது கை தகடு வைக்கும். எல்லோரும் அப்படித்தான் ஓட்டினோம். டேப் தீர்ந்தால் சூப்பர்வைசரே கொண்டுவந்து தருவார்.

அவளை வேனில் ஏற்றினார்கள். நான் திரும்பி வந்தேன். மெஷினில் ரத்தம் காயவில்லை.

"இன்னாம்மா பாத்துக்கினு கீற? தொடச்சிட்டு நில்லு. லைன் ஓடணும்," என்றார் சூப்பர்வைசர்.

துடைத்தேன். எண்ணெயும் ரத்தமும் சேர்ந்த அந்த வாடை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. அந்த ஆளின் குரலும் காதை விட்டுப் போகவில்லை.

ஆடியில் மன உறுதிப் பயிற்சி. ஏசி ஹால். டீ, சமோசா. பேச்சியையும் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள், கட்டுப் போட்ட கையோடு. போட்டோவுக்கு. ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் கொடுத்தார்கள். அவளுக்கும்.

"இழுங்க! இன்னும் இழுங்க! அறுந்துச்சா? இல்லல்ல? மனசும் அப்படித்தான். கஷ்டம் வரும், நாம ஸ்ட்ரெட்ச் ஆகணும்!" என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர்.

எல்லோரும் இழுக்கிறார்கள். சிரிக்கிறார்கள். பேச்சி ரப்பர் பேண்டை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறாள். பிறகு பல்லில் கடித்து இடது கையால் இழுத்தாள். கைதட்டினார்கள். சீ! அந்தக் கைதட்டலை என்னால் மன்னிக்க முடியாது.

எழுந்தேன். "சார், அந்த டேப் இன்னும் அங்கனதான் இருக்கு. மொதல்ல அத எடுங்க. பொறவு மனசப் பத்திப் பேசுவோம்."

நான் நேராக லைனுக்குப் போனேன். டேப்பைக் கிழித்தேன். என் பின்னால் ஒருவரும் வரவில்லை.

பேச்சி தினமும் அறையில் அழுகிறாள். கண்ணைத் துடைத்துவிட்டு இடது கையால் தலை சீவப் பழகுகிறாள். பாவாடை நாடாவைப் பல்லால் முடிகிறாள். சோறு சிந்தினால் தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி பிசைகிறாள். இதற்குத்தான் மன உறுதி என்று பெயரென்றால், எவனும் அவளுக்கு அதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

போனவற்றைச் சொல்லிவிடுகிறேன். பேச்சியின் வேலை போனது. காண்ட்ராக்ட் முடிந்ததாம். என் வேலையும் போனது, ஒழுங்கீனமாம். பேச்சிக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் போனை எடுப்பதில்லை. வலது கையில் இரண்டு விரல் முழுதாகவும் ஒன்று பாதியும் போயின.

அவள் அம்மா போனில் கேட்டாள். "அந்த வெரல என்னம்மா செஞ்சாவ?"

தொழிற்சாலையில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ரத்தம் துடைத்த துணியோடு குப்பைக்குப் போயிருக்கும் என்றார்கள்.

துடைத்தது நான்தான்.