ஏழாம் நம்பர் டம்பரில் குறை இல்லை

உங்கள் மின்விசிறி ஒரு பக்கமாக இழுக்கிறது, ஐயா. இறக்கையில் கோளாறு இல்லை. மேலே கொக்கியில் ஒரு வாஷர் தேய்ந்திருக்கிறது. ஏணி இருந்தால் ஐந்து நிமிட வேலை, வேண்டாமென்றால் விடுங்கள். கோளாறு என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் எனக்குச் சும்மா இருக்க வராது.

நான் வந்தது உங்கள் விபத்து அறிக்கை விஷயமாக. கல்குவாரிச் சரிவில் உருண்ட ஏழாம் நம்பர் டம்பர் லாரியைப் பராமரித்த மெக்கானிக் நான்தான். அதில் இறந்த ஓட்டுநர் என் தங்கையின் கணவர். அறிக்கையை முழுவதும் படித்தேன். பொறுமையாக, நன்றாகவே செய்திருக்கிறீர்கள். நாலாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி தப்பாக இருக்கிறது. அதைத் திருத்த வேண்டுமானால் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

அந்தக் குவாரியின் பட்டறையில் எனக்கு இருபத்திரண்டு வருடம். எல்லோரும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி உள்ளே நுழையும்போதே நோய் இன்னதென்று சொல்லிவிடுவேன், லேப்டாப்பைச் செருகுவது பெயருக்குத்தான். மாப்பிள்ளைக்கு ஓட்டுநர் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். டாக்டர் வீட்டு மாப்பிள்ளை என்று மானேஜர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டார்.

போன வருடம் ஏழாம் நம்பர் படுத்த ஆரம்பித்தது. டீசல் பம்பின் முதுகில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால்வு இருக்கும். பம்புக்குள் எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று அளந்து விடுவது அதுதான். அதன் உள்ளே இருக்கும் தண்டு ஒட்ட ஆரம்பித்தால் எஞ்சின் சத்தம் ஏறும், இறங்கும், பாரம் இழுக்கும்போது நின்றே போகும். ஆனால் ஃபில்டர் அடைத்தாலும் அப்படித்தான், குழாயில் காற்று புகுந்தாலும் அப்படித்தான், இன்ஜெக்டர் ஒழுகினாலும் அப்படித்தான். போதாததற்கு, சில வால்வுகள் சூடேறினால்தான் ஒட்டும். ஆறவிட்டுச் சோதித்தால் பரம சாது. எங்கள் பட்டறையில் சோதனை எப்போதும் காலையில், வண்டி ஆறியிருக்கும்போதுதான். அதுதான் அங்கே முறை.

மூன்று வாரம் பார்த்தேன். ஃபில்டர் இரண்டு தடவை மாற்றினேன், டேங்கைக் கழுவினேன், ஆறு இன்ஜெக்டரையும் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினேன். எதிலும் கோளாறு சிக்கவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு மதியம், எல்லோரும் கேன்டீன் வாசலில் நின்றிருக்கும்போது, மாப்பிள்ளை வண்டியை ஓடவிட்டபடியே இறங்கினார். எஞ்சின் ஏறி இறங்கித் தவித்துக்கொண்டிருந்தது. ஒரு துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து அந்த வால்வின் மேல் போட்டார். கொஞ்ச நேரத்தில் சத்தம் சீரானது.

"மச்சான், சூடானப்புறம்தான் பண்ணுது. இந்தச் சின்ன வால்வுதான் ஒட்டுதுன்னு தோணுது. நீங்க ஒருதடவை பாருங்களேன்," என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். அவரைப் பற்றி நான் தப்பாக எதுவும் சொல்ல மாட்டேன். புது வால்வு போட்டேன், வண்டி சரியானது. சாயங்காலத்துக்குள் அவர் டாக்டர் ஆகிவிட்டார், நான் கம்பவுண்டர். லாரிக்காரன், கல் உடைப்பவன், கேட் காவலாள், எல்லோருக்கும் நான் கம்பவுண்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது என் தங்கையே, "வா கம்பவுண்டர் அண்ணா, இலை போட்டாச்சு," என்றாள். மாப்பிள்ளை அவளை அதட்டினார். அவர் அதட்டியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கழற்றிய வால்வைக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். நான் போடவில்லை. துடைத்து, துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஏழாம் நம்பர் சர்வீசுக்கு வந்தபோது பழைய வால்வைத் திரும்பவும் மாட்டினேன். இரண்டு போல்ட், ஒரு பிளக், கால் மணி நேரம். சீல் வளையம் மட்டும் புதிது போட்டேன். எந்தப் பொருளை மாட்டினாலும் ஒழுகக் கூடாது, இல்லையா. அப்போது எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. டாக்டர் கொஞ்ச நாள் நோயாளியாக இருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

நினைத்தபடியே நடந்தது. அவர் புகார் எழுதுவார், மறுநாள் காலை மானேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் சோதிப்பேன். கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தமும் பம்பு கொடுக்கும் அழுத்தமும் திரையில் இரண்டு கோடாக, ஒட்டிப் பிறந்த பிள்ளைகளாகப் போகும். 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இப்படி மூன்று தடவை. நடுவில் ஒருநாள் ஈரத்துணி போட்டுப் பார்த்ததாக மாப்பிள்ளை சொன்னார். சூடான பம்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று மானேஜரிடம் சொன்னேன். ஓட்டுநர்கள் யாரும் எஞ்சின் மூடியைத் திறக்கக் கூடாது என்று அடுத்த நாளே அறிவிப்பு ஒட்டினார்கள்.

மூன்றாவது தடவை மானேஜர் அவரைப் பார்த்து, "வண்டியில ஒண்ணுமில்ல. உனக்குத்தான் என்னமோ. இன்னொரு புகார் வந்துதுன்னா, நீ வீட்டோட இருந்துக்கோ," என்றார். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. கேன்டீனில் யாராவது 'என்ன டாக்டர், இன்னிக்கு நாடி எப்படி' என்று கேட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

பிறகு தங்கை பட்டறைக்கே வந்தாள். நின்றபடியே பேசினாள். "அண்ணா, ஏத்தத்துல அது நின்னுடுமோன்னு தினம் பயந்துக்கிட்டுப் போறாரு. தூங்கறதே இல்ல. நீயே ஒருதடவை சூடா ஓட்டிப் பார்த்துச் சொல்லிடேன். நீ சொன்னா நம்புவாரு."

கூடப் பிறந்தவள் கேட்டால் எப்படி மறுப்பது. மறுநாள் நல்ல வால்வை எடுத்து மாட்டி, மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, உச்சி வெயிலில் ஐந்து நடை ஓட்டினேன். ஐந்தும் முழுப் பாரம். வண்டி வெண்ணெயாக ஏறியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாவது நடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் காதுலதான் கோளாறு போல, மச்சான். உங்களை ரொம்பப் படுத்திட்டேன்," என்றார்.

அதோடு விட்டிருக்கலாமே என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நல்ல வால்வை அப்படியே விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். மனசு லேசாக இருந்தது, அவர் தோளில் கூடத் தட்டினேன். பட்டறையில் இறங்கினோம். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாலு அடி போனவர் நின்று, திரும்பிப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு, மச்சான். இன்னிக்கு ஓடினது நேத்து இருந்த வால்வு இல்ல. சத்தம் வேற."

குற்றம் சொல்லவில்லை அவர். தெரிந்ததைச் சொன்னார். நான் சிரித்தேன், அவரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் பழைய வால்வை எடுத்து மாட்டினேன். இந்தத் தடவை எதற்காக மாட்டுகிறேன் என்று எனக்குத் தெரியும். முழுப் பாரத்தோடு ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்குக்கு மிச்சமிருக்கும் அழுத்தம் நாலு மிதிக்குத்தான் வரும். நாலும் மிதித்திருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாம் நாள் மதியம். நான் பட்டறையில் வேறொரு வண்டிக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். குவாரிக் குழியிலிருந்து ஏழாம் நம்பர் ஏறுகிற சத்தம் கேட்டது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வால்வு ஒட்டுகிறது என்று அங்கிருந்தே சொன்னேன், எனக்குள்ளேதான். லேப்டாப் தேவைப்படவில்லை. பிறகு சத்தம் நின்றது. கற்கள் உருள்வது கேட்கத் தொடங்கும்போது நான் பெல்ட்டை முடுக்கி முடித்திருந்தேன்.

தங்கையிடம், மாப்பிள்ளை பதற்றத்தில் மாற்றி மிதித்துவிட்டார் என்று சொன்னேன். அவள் என் காலைக் கட்டிக்கொண்டு, "உன் வேலையைப் போய்ச் சந்தேகப்பட்டேனே அண்ணா, மன்னிச்சுடு," என்று அழுதாள். மன்னித்துவிட்டேன். இப்போது அவளும் பிள்ளையும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன், விசாரித்தால் அவளே சொல்வாள்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். உடைந்த பம்பைப் பிரித்து, வால்வைச் சூடாக்கிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். சரி, நல்ல வேலை. ஆனால் அதற்குக் கீழே, 'மெக்கானிக்கின் திறமைக் குறைவால் கோளாறு கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் நகலை மானேஜர் பலகையில் ஒட்டியிருக்கிறார். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று படிக்கிறான். காலையில் கேட் காவலாள் என்னைப் பார்த்து, அந்தச் செத்துப்போன மனுஷன்தான் உண்மையான டாக்டர் என்றான்.

அந்த வரியை அடித்துவிடுங்கள், ஐயா. கண்டறிந்தேன். எந்த வால்வு, எத்தனை நிமிடத்தில் ஒட்டும், எந்த ஏற்றத்தில் நிற்கும், எல்லாம் தெரிந்து என் கையால் மாட்டினேன். நல்ல வால்வு என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கொலை என்று எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த முதல் மூன்று வாரத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். இன்னும் ஒரே ஒரு நாள் அவர் பொறுத்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.